கட்டுமரம் முதல் கேட்டமரான் வரை: காற்றோடும் அலையோடும் ஒரு பந்தயம்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று நம் சங்க மேடைகளில் யாராவது பட்டியல் போட்டால், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகியவற்றோடு தவறாமல் இடம்பெறும் சொல் 'கட்டுமரம்'. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று வழங்கும் இச்சொல் இன்று உலக மொழிகள் பலவற்றில் புழங்குகிறது. கேட்க நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சியில் கேட்டமரான் பந்தயம் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதுல கட்டு எங்கே இருக்கு? மரம் எங்கே இருக்கு?" நியாயமான கேள்விதான். திரையில் தெரிவது ஊசிபோல் மெலிந்த இரண்டு உடல்கள், அவற்றை இணைக்கும் சட்டம், வானைத் தொடும் பாய். காற்று சீற, அலை எழும்ப, ஒரு பக்க உடல் தண்ணீரை விட்டே மேலே கிளம்பி நிற்கிறது. நம் மெரினாக் கரையில் பார்த்த கட்டுமரத்துக்கும் இதற்கும் என்ன உறவு? பெருமை பேசுவதற்கு முன் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

கட்டும் மரமும்

மைசூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கன்னடத்திலும் 'கட்டு' என்றால் கட்டுவதுதான். 'மர' என்றால் மரம்தான். மரங்களைக் கயிற்றால் கட்டியது கட்டுமரம். அவ்வளவுதான்.

எடை குறைந்த மரத்தண்டுகள் மூன்று முதல் ஏழு வரை எடுத்து, முன்பக்கம் சற்றே மேல்நோக்கி வளையுமாறு செதுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகள் வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது, பலகைத் தளமும் கிடையாது. கல்யாண முருங்கை, அல்பீசியா போன்ற மிதக்கும் தன்மை மிகுந்த மரங்கள் இதற்கு ஏற்றவை. கடலுக்குப் போய்த் திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர விடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும். கனத்தால் மறுநாள் வேகம் போய்விடும். மறுநாள் விடியுமுன் மறுபடியும் கட்டு.

இதன் சிறப்பை ஒரு வரியில் சொல்லலாம். உள்ளே குழிவு இல்லாததால் தண்ணீர் நிரம்பி மூழ்குவதற்கு இடமே இல்லை. அலை மேலே ஏறி அடித்தால் மரங்களுக்கிடையே வழிந்து இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். நம் காவிரியில் ஓடும் பரிசலைப் போல, கன்னடத்தில் 'ஹரிகோலு' என்பார்களே அதைப் போல, கைக்குக் கிடைத்த பொருளை வைத்து அந்தந்த நீருக்கு ஏற்றபடி அமைத்த அறிவு இது. பரிசல் ஆற்றுக்கு, கட்டுமரம் அலைக்கு.

சோழமண்டலக் கரையின் சோதனை

ஏன் இப்படி ஒரு கலம் நம் கிழக்குக் கரையில் தேவைப்பட்டது? சோழமண்டலக் கரை நேராக, மணலாக, திறந்து கிடக்கும் கரை. பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் அரிது. அலை நேரே வந்து கரையில் உடையும். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டிய காலம் தொட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் தொலைவில் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா எனப்பட்ட படகுகள். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும்.

அந்த மசூலாவே இறங்க முடியாத அளவுக்குக் கடல் கொந்தளித்த நாட்களில் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு, உடையும் அலை வரிசைகளைத் தாண்டிக் கப்பலை அடைந்தார்கள். அலை தூக்கி எறிந்தால் நீந்திப் போய் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறினார்கள். இதைக் கண்டு வியந்து எழுதிய ஐரோப்பியப் பயணிகள் பலர். சென்னையில் 1861இல் இரும்புப் பாலத்துறை வந்தது. 1875இல் துறைமுக வேலை தொடங்கியது. ஆனால் 1881இல் அடித்த புயல் அந்தக் கட்டுமானத்தையே உடைத்துப் போட்டது. பொறியாளர்களின் கல்லணையைப் புரட்டிய அதே கடலில்தான் நம் மீனவர் நாலு மரத்தைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் போய்வந்தார்கள்.

'அலை ஓய்ந்த பிறகா கடலாடுவது?' என்று நாம் சொல்வதுண்டு. கட்டுமரக்காரர் அலை ஓயக் காத்திருப்பதில்லை, அலையைப் பார்த்திருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும். அந்தக் கூட்டம் கடந்ததும் சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளியில் மரத்தைத் தள்ளி ஏறிவிட வேண்டும். ஒரு நொடி பிசகினால் அடுத்த அலை மரத்தைக் குறுக்கே திருப்பி ஆள்மேல் போடும். இன்றைய பந்தய வீரன் காற்றின் வீச்சைப் பார்த்து முடிவெடுப்பதும் இதே வகைக் கணக்குத்தான்.

பெயர் ஊர் சுற்றிய கதை

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலத்தில் இச்சொல்லின் மிகப் பழைய பதிவுகளுள் அது ஒன்று. அப்போது அது மரங்கள் சேர்த்த மிதவையைத்தான் குறித்தது.

இரட்டை உடல் படகு வேறொரு மரபைச் சேர்ந்தது. பசிபிக் பெருங்கடலின் பாலினீசிய மக்கள் இரண்டு நீண்ட ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துப் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தீவுகளில் குடியேறினார்கள். ஐரோப்பாவில் 1660களில் வில்லியம் பெட்டி என்ற அறிஞர் அயர்லாந்தில் இரட்டை உடல் கப்பல்களைக் கட்டிப் பார்த்தார். அவற்றுள் 'எக்ஸ்பெரிமெண்ட்' என்பது 1665இல் புயலில் சிக்கி மறைந்தது.

பெயர் மாறிய திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1876இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் 'அமரிலிஸ்' என்ற, ஏறத்தாழ 25 அடி நீள இரட்டை உடல் படகோடு வந்து மற்றவர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அந்த வகைப் படகே பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டது. அத்தகைய படகுக்குக் 'கேட்டமரான்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சரியாக நூறு ஆண்டு கழித்து 1976இல், 'டோர்னடோ' என்ற கேட்டமரான் வகை ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. அதே ஆண்டில் 'ஹொக்குலேயா' என்ற பாலினீசிய மரபு இரட்டை ஓடம் கருவிகள் இல்லாமல் விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே ஹவாயிலிருந்து தஹீதி போய்ச் சேர்ந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தென்னிந்தியாவுக்கும் இரட்டை ஓடம் புதிதல்ல. இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே தளம் போட்டதைச் சங்காடம் என்பார்கள், மலையாளத்தில் சங்ஙாடம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், நம் கிழக்குக் கரைத் துறைகளில் மரங்களைப் பிணைத்து அமைத்த 'சங்கர' என்னும் கலங்கள் இருந்ததாகச் சொல்கிறது. இந்த மலையாளச் சொல்லைப் போர்ச்சுகீசியர் 'ஜங்கடா' என்று எடுத்துப்போய், பிரேசில் கரையில் மீனவர் ஓட்டும் பாய்கட்டிய மரமிதவைக்குப் பெயராக வைத்தார்கள். ஆக, மிதவையைக் குறித்த தமிழ்ச்சொல் இரட்டை ஓடத்துக்குப் போயிற்று. இரட்டை ஓடத்தையும் குறித்த மலையாளச் சொல் மிதவைக்குப் போயிற்று. அண்டை வீட்டுக்காரர்கள் இருவர் பெட்டி மாறி எடுத்துக்கொண்டு ரயிலேறிய கதை போல!

எனவே பெயர் நம்முடையது. கட்டுமரம் என்ற கலமும் நம்முடையது. பந்தயக் கேட்டமரானின் உருவம் பசிபிக் தீவு மக்களுடையது. இப்படிச் சொல்வதால் நம் பெருமை குறைந்துவிடாது. மேடையில் 'கேட்டமரானை நாமே கண்டுபிடித்தோம்' என்று சொல்லி, விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று எழுந்து மறுத்தால்தான் குறையும்.

இரண்டு உடலின் சூட்சுமம்

இனி அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடிய காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை வாளியில் மிதக்க விட்டு விரலால் தட்டுங்கள், உருண்டுவிடும். இரண்டு பாட்டில்களை இடைவெளி விட்டு இரண்டு குச்சிகளால் இணைத்துத் தட்டுங்கள், உருளாது. அகலம் தரும் நிலைத்தன்மை இது.

ஒற்றை உடல் படகு சாயாமல் இருக்க அடியில் கனமான ஈயமோ இரும்போ தொங்க வேண்டும். அல்லது உடலே அகலமாக இருக்க வேண்டும். கனமும் அகலமும் வேகத்துக்கு எதிரி. சாதாரணப் படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்பி அந்த அலையின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்கிறது. 16 அடிப் படகுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 5.4 நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். கேட்டமரானின் உடல்கள் கத்திபோல் மெலிந்தவை; பெரிய அலை எழுப்பாமல் நீரைக் கீறிக்கொண்டு போவதால் அந்த வரம்பு அவற்றைக் கட்டிப்போடுவதில்லை.

இரண்டாவது சூட்சுமம், படகு தானே உண்டாக்கிக்கொள்ளும் காற்று. காற்றே இல்லாத நாளில் ஸ்கூட்டரில் போனாலும் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? வேகமாகப் போகும் படகுக்கும் அப்படியே. இயற்கைக் காற்றும் ஓட்டக் காற்றும் சேர்ந்து பாயில் படும்போது விசை கூடுகிறது. அதனால் அடிக்கிற காற்றைவிட வேகமாகவே கேட்டமரானால் ஓட முடிகிறது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தின் 72 அடிக் கேட்டமரான்கள் 44 நாட் வேகத்தைத் தொட்டன. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். மைசூர் – பெங்களூர் நெடுஞ்சாலையில் நாம் காரில் போகிற வேகம்! அடியில் உள்ள ஃபாயில் எனும் நீர்ச்சிறகுகள் படகையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவதால் இது இயன்றது. இன்று 'செயில் ஜி.பி.' பந்தயங்களில் ஓடும் கேட்டமரான்கள் மணிக்கு 100 கிலோமீட்டரையும் எட்டிவிட்டன.

காற்று வலுத்தால்

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 நாட் காற்று 20 ஆனால் பாயில் விழும் விசை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. 30 நாட் ஆனால் ஒன்பது மடங்கு. கடலோடிகள் காற்றுக்கு அஞ்சுவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒரு சிறிய உதாரணம். உலகெங்கும் ஓடும் 'ஹோபி 16' என்ற கேட்டமரானின் எடை சுமார் 145 கிலோ. அகலம் சுமார் 2.4 மீட்டர். ஓட்டுபவர் இருவர். காற்று படகைச் சாய்க்க முயலும்போது, காற்றுப்புற உடல் மேலே கிளம்புகிறது. அதைக் கீழே அழுத்துவது இரண்டு எடைகள். படகின் எடை நடுவில் இருப்பதால் மறுபுற உடலிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி வேலை செய்கிறது. ஆட்களோ இடுப்பில் கொக்கி மாட்டி, பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் படகுக்கு வெளியே உடலை நீட்டித் தொங்குகிறார்கள். அவர்கள் எடை மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி வேலை செய்கிறது. 65 கிலோ ஆட்கள் இருவர் என்றால், படகின் மொத்த எடை தருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அவர்கள் தருகிறார்கள்! படகைக் காப்பாற்றுவது மனித உடம்பு. காற்று ஏறினால் வெளியே நீள வேண்டும், தணிந்தால் உள்ளே வர வேண்டும், நொடிக்கு நொடி. முகத்தில் உப்புத் தண்ணீர் ஊசியாகக் குத்த, கால் நழுவாமல் நிற்க வேண்டும். அந்தப் பரபரப்புக்காகத்தான் இத்தனை பேர் இதில் இறங்குகிறார்கள்.

இதுவும் நம் கடலுக்குத் தெரிந்த வித்தைதான். தஞ்சை, இராமநாதபுரக் கரைகளில் பாக் நீரிணையில் ஓடிய வத்தை என்னும் பாய்ப்படகுகளில், காற்றுப்புறமாக ஒரு பலகையை நீட்டி அதில் ஆட்கள் ஏறி அமர்ந்து சாய்வைச் சமன் செய்தார்கள். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகுகள் பற்றி வெளியிட்ட ஆய்வின் வழியாக இத்தகைய கலங்களை உலகுக்கு அறிமுகம் செய்தார். இலங்கையில் மிதவை பூட்டிய ஓடங்களை ஓட்டியவர்கள் காற்றை அளந்த விதமே அழகு. வெளியே எத்தனை பேர் ஏற வேண்டுமோ அதை வைத்து 'ஒரு ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று' என்பார்கள். எந்தக் கருவி இதைவிடத் தெளிவாகச் சொல்லும்?

மூக்குக் குத்தினால்

கேட்டமரானின் பலமே அதன் பலவீனமும். அடியில் கனம் தொங்கும் ஒற்றை உடல் படகு சாயச் சாய எதிர்த்து நிமிரப் பார்க்கும். கேட்டமரானின் எதிர்ப்புச் சக்தி, ஒரு உடல் தண்ணீரை விட்டுக் கிளம்பும் அந்தத் தருணத்தில் உச்சத்தில் இருக்கிறது. அதற்குமேல் சாய்ந்தால் குறைந்துகொண்டே போகும். எச்சரிக்கைக்கும் விபத்துக்கும் நடுவே நேரமே இல்லை.

பெரிய அலையில் இன்னும் ஆபத்தானது மூக்குக் குத்துவது. பின்னாலிருந்து வரும் அலை அமரத்தைத் தூக்க, மெலிந்த அணியம் முன்னால் உள்ள அலைக்குள் புகும். தண்ணீர் பிரேக் போட்டது போல் படகு நிற்க, பாய் முன்னோக்கித் தள்ள, படகு தலைகீழாகக் கரணம் அடிக்கும். 2017 ஜூன் 6ஆம் தேதி பெர்முடாவில் பலத்த காற்றில் நியூசிலாந்து அணியின் படகு அப்படித்தான் கரணமடித்தது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. அதே அணி அந்த மாதமே அமெரிக்கக் கோப்பையை வென்றது. 2013 மே 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அப்படி முடியவில்லை. பயிற்சியில் கவிழ்ந்த ஆர்ட்டெமிஸ் அணியின் படகுக்கடியில் சிக்கி, ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் ஆண்ட்ரூ சிம்ப்சன் உயிரிழந்தார். அதன்பின் பந்தயம் நடத்துவதற்கான காற்று வரம்பைக் குறைத்தார்கள். பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள்.

நெடுங்கடலில் நிலைமை வேறு. ஜூல்ஸ் வெர்ன் நாவலில் 80 நாளில் உலகம் சுற்றுவார்களே, அதைப் பாய்மரத்தில் 1993இல் முதலில் சாதித்தது புரூனோ பெய்ரோனின் கேட்டமரான்: 79 நாட்கள். அடுத்த ஆண்டு பீட்டர் பிளேக், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஆகியோரின் 'என்சா' 74 நாட்களில் சுற்றியது. முடிவுக்கோட்டை நெருங்கும்போது பிரெஞ்சுக் கரையருகே புயல். வேகத்துக்காகவே கட்டிய படகில் அவர்கள் கயிறுகளையும் சங்கிலியையும் பின்னால் இழுபட விட்டு வேகத்தைக் குறைத்தார்கள். இல்லையென்றால் மூக்குக் குத்தியிருக்கும். எப்போது வேகத்தை அடக்குவது என்று தெரிந்தவரே நல்ல மாலுமி.

இங்கேதான் நம் கட்டுமரத்தின் அருமை தெரிகிறது. கவிழ்ந்த பெரிய கேட்டமரான் தலைகீழாகவே நிலைத்து நிற்கும். ஆட்களால் நிமிர்த்த முடியாது. கட்டுமரத்துக்குத் தலை எது, கீழ் எது? அதன் வேகம் குறைவுதான். ஆனால் திரும்பி வருவதற்கென்றே அமைந்த கலம் அது.

பந்தயம் யாருக்கு?

பந்தயத்தில் காற்று வரம்பை மீறினால் போட்டி ஒத்திவைக்கப்படும். பக்கத்திலேயே மீட்புப் படகு ஓடும். மீனவருக்கு அப்படி ஒருவர் கொடி காட்டுவதில்லை. ஒரு நாள் ஒத்திவைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அவர்களில் பலர் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தவர்கள். கடலின் சிலிர்ப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

கட்டுமரமும் இன்று அரிதாகி வருகிறது. எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகள் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஏராளமான கட்டுமரங்கள் அழிந்தபோது, அவற்றுக்கு ஈடாகக் கிடைத்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. அவை வசதியானவை, அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மரத்தைத் தேர்வது, செதுக்குவது, கட்டுவது, அலை பார்ப்பது ஆகிய அறிவு எழுதி வைக்கப்படாத அறிவு. தெரிந்த பெரியவர்கள் போனால் அதுவும் போய்விடும். பெயர் மட்டும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் உலகம் சுற்ற, பொருள் கரையிலேயே மட்கிப் போகும் நிலை.

மறுபக்கம் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். இருவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களம் கண்டார்கள். அவர்கள் ஓட்டுவது ஒற்றை உடல் படகு. அதே ஒலிம்பிக்கில் கேட்டமரான் பந்தயமும் உண்டு. 'நாக்ரா 17' என்ற அந்தப் பிரிவில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்ட வேண்டும். கட்டுமரத்தின் பெயர் தாங்கிய படகில் ஒரு தமிழ்ப் பிள்ளை பதக்கம் வாங்கும் நாள் வந்தால் எத்தனை பொருத்தமாக இருக்கும்!

கடலே இல்லாத மைசூரில் இருந்துகொண்டு இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். கிருஷ்ணராஜ சாகரில் நாம் பார்க்கும் தண்ணீர் மேட்டூர், கல்லணை வழியாகப் பூம்புகார் போய்ச் சேருகிற காவிரிதான். ஆற்றின் இந்தப் பக்கம் பரிசல் என்றால் அந்தக் கடைசியில் கட்டுமரம். விடுமுறைக்குச் சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ போகும்போது, விடியற்காலையில் பிள்ளைகளை மீனவர் குப்பத்துக் கரைக்கு அழைத்துப் போங்கள். எங்காவது ஒரு பழைய கட்டுமரம் மணலில் கிடக்கும். பக்கத்தில் வலை பின்னும் ஐயாவிடம், "இதை எப்படிக் கட்டுவீங்க, அலையை எப்படித் தாண்டுவீங்க?" என்று பிள்ளைகளையே கேட்க வையுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதை வெளியிடலாம்.